பட்டன் அமுக்குகிறவனா டர்னர்?

“யந்திரமே எல்லாவற்றையும் செய்துவிடுகிறது. உங்கள் ஆள் பட்டனை அமுக்குகிறான், கதவை மூடுகிறான், ஸ்டூலிலே உட்காருகிறான். இதற்கு எதற்கையா டர்னர் சம்பளம்?”

கோவைப் பக்கத்து எஞ்சினீரிங் பட்டறை ஒன்றின் சம்பளப் பேச்சுவார்த்தையிலே நிர்வாகத் தரப்பு போட்ட கேள்வி இது. பட்டறையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பீளமேட்டிலும் கணபதியிலும் எந்த மேஜையிலே போய் உட்கார்ந்தாலும் இதே கேள்விதான் வருகிறது. ஒருவர் பெயரை மட்டும் எழுதினால் மற்ற முதலாளிமார்கள் கோபித்துக்கொள்ளக் கூடும்!

கேள்வியோடு ஒரு யோசனையும் சேர்ந்து வந்தது. பெரிய சி.என்.சி. லேத்திலே நிற்கும் 20 வருஷ அனுபவமுள்ள டர்னரை அங்கிருந்து எடுத்துவிட்டு இரண்டு அப்ரண்டிஸ் பையன்களைப் போடவேண்டுமாம். அதற்கு முன் ஆறு மாதம் டர்னரே அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டுமாம். அவர் சட்டைப் பையிலே வைத்திருக்கும் நோட்டுப் புத்தகத்தையும் ஆபீசிலே ஒப்படைக்க வேண்டுமாம். எந்த இரும்புக்கு எந்த டிப், எவ்வளவு வேகம், எந்த இடத்திலே அதிரும், எந்த இடத்திலே கையை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்று வருஷக்கணக்காக அவர் பென்சிலால் குறித்து வைத்த நோட்டு அது.

கவனியுங்கள் தோழர்களே! பட்டன் அமுக்குகிறவனிடம் கற்றுக்கொள்ள ஆறு மாதம் எதற்கு? பட்டன் அமுக்குகிறவன் நோட்டுப் புத்தகம் ஆபீசுக்கு எதற்கு?

டர்னர் அதிகம் பேசுகிற மனிதர் அல்ல. அன்றைக்கு எழுந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: “நான் பட்டன்தானுங்க அமுக்கறேன், சரிங்க சார். ஆனா எப்ப அமுக்கக் கூடாதுங்கறதை அந்தப் பையனுக்கு யாருங்க சொல்லுவாங்க?”

நிர்வாகத்திடமிருந்து பதில் வரவில்லை. அந்தப் பதிலை நாம் எழுதிப் பார்ப்போம்.

பஞ்சாலைத் தோழர்களும் விவசாயத் தொழிலாளித் தோழர்களும், “லேத் பட்டறைச் சண்டையிலே எங்களுக்கு என்ன இருக்கிறது?” என்று கேட்கலாம். அந்த லேத்திலே அன்றைக்கு ஏறியிருந்த சாமான் எது தெரியுமா? சர்க்கரை ஆலை ரோலருக்கான ஷாப்ட். விழுப்புரம், கடலூர் பக்கத்திலே கரும்பு வெட்டுகிறவன் வெட்டிக் கட்டி ஏற்றி அனுப்புகிற கரும்பெல்லாம் கடைசியில் அந்த ஷாப்டின் மேல் மாட்டிய ரோலருக்கு அடியிலேதான் போய் விழுகிறது. அது முறிந்தால் அரவை நிற்கிறது. ஆலை வாசலிலே லாரியும் டிராக்டரும் நாள்கணக்காக வரிசை கட்டுகின்றன. வெட்டிப்போட்ட கரும்பு காய்ந்து எடை குறைகிறது, சத்து இறங்குகிறது. டன் கணக்கிலே கூலி வாங்கும் வெட்டாளுக்கு வேலை இல்லை, சோறு இல்லை. (வாங்கிய கரும்புக்கு 14 நாளிலே பணம் கொடுக்கவேண்டும் என்று 1966-ஆம் வருஷத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு உத்தரவு சொல்கிறது. அந்த 14 நாள் எத்தனை மாதமாக நீள்கிறது என்பதைக் கரும்பு விவசாயியைக் கேட்டால் சொல்வார். அது தனிக் கதை; வேறொரு வாரம் எழுதவேண்டியது.)

ஆறு டன் இரும்பின் சமாச்சாரம்

அந்த ஷாப்ட் எப்படிப்பட்ட சாமான் என்று தெரிந்தால்தான் “பட்டன்” வாதத்தின் லட்சணம் விளங்கும்.

நாலரை மீட்டர் நீளம். உருட்டிச் செய்த கம்பி அல்ல. சம்மட்டியிலே அடித்து உருவாக்கிய உருக்கு. பட்டறைக்கு வரும்போது கருகிய தோலோடு, கோணல்மாணலாக வரும். கடைந்து முடிந்தபின்னும் ஆறு டன்னுக்கு மேல் எடை நிற்கும். சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குச் சீவினாலே அரை டன்னுக்கு மேல் இரும்புச் சுருள் தரையிலே கொட்டும். அதுவும் சாதாரணச் சுருளா? நீலம் பாரித்து, கத்தி போன்ற விளிம்போடு, சுடச்சுட வரும். உடையாமல் நீண்டு ஷாப்டைச் சுற்றிக்கொண்டால் பக்கத்திலே நிற்பவன் கையை இழுத்துக்கொண்டு போகும். சுருள் உடைகிறதா, நீள்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்து, நீண்டால் உடனே ஓட்டத்தை மாற்றவேண்டும். இதைப் புரோகிராம் பார்க்காது. புரோகிராமுக்குக் கண் கிடையாது.

450 மில்லிமீட்டர் விட்டம் உள்ள இடத்திலே நிமிஷத்துக்கு சுமார் 70 சுற்று ஓட விட்டு, ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் டூல் நகர்ந்தால், ஷாப்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஒரே ஒரு தரம் போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்த இரண்டு மணி நேரத்தைத்தான் நிர்வாகம் “ஸ்டூலிலே உட்காருகிறான்” என்கிறது. அந்த இரண்டு மணி நேரமும் டர்னரின் காது டூலின் வாயிலே இருக்கிறது. டிப்பின் முனை மழுங்க ஆரம்பித்தால் சத்தம் மாறும். அதிர்வு எடுத்தால் தரையிலே கால் வழியாகத் தெரியும். பஞ்சாலையிலே ஸ்பிண்டில் சத்தத்தை வைத்தே எந்தப் பிரேமிலே கோளாறு என்று சொல்லுகிற தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது சூடு. இரும்பு சூடானால் நீளும் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். எவ்வளவு நீளும்? நாலரை மீட்டர் ஷாப்ட் 10 டிகிரி சூடு ஏறினால் அரை மில்லிமீட்டருக்கு மேல் நீண்டுவிடும். ஒரு பக்கம் சக்கின் தாடை கடித்துப் பிடித்திருக்கிறது, மறு பக்கம் டெயில் ஸ்டாக்கின் சென்டர் முட்டிக்கொண்டு நிற்கிறது. நீளுகிற ஷாப்ட் எங்கே போகும்? வில் மாதிரி வளையப் பார்க்கும், சென்டர் கருகும். இடையிடையே சென்டரின் அழுத்தத்தைப் பார்த்துத் தளர்த்திக் கொடுக்க வேண்டும். அளவிலும் இதே வில்லங்கம். 450 மில்லிமீட்டர் விட்டம், 10 டிகிரி சூட்டிலே ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு பெருத்துக் காட்டும். சூட்டோடு சூடாக மைக்ரோ மீட்டரை வைத்து “அளவு வந்துவிட்டது” என்று இறக்கிவிட்டால், ராத்திரி ஆறியபின் காலையிலே சிறுத்துப்போய்க் கிடக்கும். அதன்மேல்தான் ரோலரின் வார்ப்பிரும்புக் கூட்டைக் காய்ச்சி இறக்குவார்கள். கூடு ஆறி இறுகிப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஷாப்ட் சிறுத்திருந்தால் பிடி இருக்காது. ஆலையிலே கரும்பு விழுந்ததும் கூடு தனியே, ஷாப்ட் தனியே சுற்றப் பார்க்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான இடம் ஒன்று உண்டு. ஷாப்டின் தடித்த பகுதி முடிந்து, பேரிங்கிலே உட்காரும் ஒல்லிப் பகுதி ஆரம்பிக்கும் மூலை. அந்த மூலையைச் சதுரமாக விடாமல் உள்வளைவாகக் கடைய வேண்டும். ஒர்க் ஷாப்பிலே “ரேடியஸ்” என்பார்கள். ஏன் என்று கேட்டால், ரோலர் சுற்றும்போது மேலேயிருந்து நூற்றுக்கணக்கான டன் அழுத்தம். ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த மூலையின் தோல் ஒரு தரம் இழுபடும், ஒரு தரம் நசுங்கும். நிமிஷத்துக்கு நாலைந்து சுற்றுத்தானே என்று நினைக்காதீர்கள். ராப்பகலாக அரவை நடந்தால் ஒரு நாளைக்கு ஆறாயிரம், ஏழாயிரம் தரம். நாலு மாதப் பருவத்துக்குக் கணக்குப் போட்டால் ஏழெட்டு லட்சம் தரம்! இரும்புக் கம்பியை முன்னும் பின்னும் வளைத்து வளைத்து ஒடிப்போமே, அதே வேலைதான். அந்த மூலையிலே மழுங்கின டூல் உழுத ஒரு கோடு, நகத்திலே தட்டுப்படுகிற ஒரு கீறல் இருந்தாலும் போதும். விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். முதல் வருஷம் தெரியாது. இரண்டாவது வருஷமோ மூன்றாவது வருஷமோ, அரவை மும்முரத்திலே, ஷாப்ட் முறியும்.

கம்ப்யூட்டர் திரையிலே பார்த்தால் அந்த மூலைக்கு ஒரே ஒரு வரி. வளைவின் அளவைக் கொடுத்தால் டூல் வளைந்து போகும். அந்த வரியை எழுதினவர் ஆபீசிலே இருக்கிறார். வரி சரிதான். அந்த வரி ஓடுகிற நேரத்திலே டிப் மழுங்கியிருக்கிறதா, ஷாப்ட் அதிர்கிறதா, ஸ்டெடியின் தாடை சரியாகத் தாங்குகிறதா என்பதெல்லாம் அந்த வரியிலே இல்லை. டர்னர் அந்த மூலைக்கு வருமுன் யந்திரத்தை நிறுத்துகிறார், புது டிப் மாட்டுகிறார், ஓட்டத்தைக் குறைக்கிறார், கடைந்து முடித்தபின் விரலாலே தடவிப் பார்க்கிறார். இதற்கு 20 நிமிஷம் அதிகம் ஆகிறது. உற்பத்திக் கணக்கிலே அந்த 20 நிமிஷத்துக்குச் “சோம்பல்” என்று பெயர் வைத்திருக்கிறார்கள்!

சாவியை வைத்திருப்பது யார்?

எப்போது பட்டனை அமுக்கக் கூடாது என்றாரே, அதற்கு ஓர் உதாரணம். சி.என்.சி. லேத்திலே ஜி96 என்று ஒரு கட்டளை உண்டு. அதைக் கொடுத்தால் டூலுக்கு எதிரே இரும்பு ஓடுகிற வேகம் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்படி யந்திரமே சுற்றைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான், சந்தேகமில்லை. ஆனால் ஷாப்டின் முகத்தைச் சீவும்போது டூல் வெளி விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வருகிறது. விட்டம் குறையக் குறையச் சுற்று ஏறுகிறது. 450 மில்லிமீட்டரிலே 70 சுற்று. 100 மில்லிமீட்டரிலே 318 சுற்று. இன்னும் உள்ளே வந்தால் யந்திரத்தின் உச்ச வேகம் வரை போகும். போகக் கூடாது என்றால் பல யந்திரங்களிலே ஜி50 என்ற வரியை முன்னாலே எழுதி, “இந்தச் சுற்றுக்கு மேல் ஏறாதே” என்று வரம்பு கட்டவேண்டும். சின்னச் சாமானுக்கு எழுதிய புரோகிராமைப் பெரிய சாமானுக்குத் திருத்தும்போது அந்த வரம்பை மாற்ற மறந்தால்? ஆறு டன் உருக்கு, நாலு தாடைச் சக்கிலே, எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அனுபவமுள்ள டர்னர் புரோகிராமை முதலிலே வாசிக்கிறார். வரம்பு தப்பாக இருந்தால் கண்டுபிடிக்கிறார். ஆனால் திருத்த முடியாது! திருத்தத்துக்கு ஒரு பூட்டு இருக்கிறது. சாவி மேஸ்திரியிடம் இருக்கிறது. மேஸ்திரி ராத்திரி ஷிப்டிலே வீட்டிலே தூங்குகிறார். தப்பு என்று தெரிந்தும் திருத்தக் கை இல்லாதவனாக ஒருவனை யந்திரத்தின் முன் நிறுத்திவிட்டு, விபத்து நடந்தால் “ஆபரேட்டர் அஜாக்கிரதை” என்று ரிப்போர்ட் எழுதுகிறார்கள்.

அந்தப் பூட்டு யந்திரத்தின் குணமா? விஞ்ஞானத்தின் கட்டளையா? இதற்குப் பதில் தெரிய, இந்த யந்திரம் பிறந்த இடத்துக்கே போகவேண்டும்.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்த கையோடு, 1946 ஜனவரியிலே அமெரிக்காவின் மின்சார யந்திரத் தொழிலாளர் சுமார் 2 லட்சம் பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜெனரல் எலெக்ட்ரிக், வெஸ்டிங்ஹவுஸ், ஜெனரல் மோட்டார்ஸின் மின்சாரப் பிரிவு எல்லாம் நின்றன. இடதுசாரிகள் வலுவாக இருந்த யு.இ. சங்கம் அதற்குத் தலைமை தாங்கியது. அதே 1946, 47-ஆம் வருஷங்களிலே ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் எஞ்சினீயர்கள் தானே ஓடும் யந்திரம் ஒன்றை உருவாக்கினார்கள். அதன் முறை என்ன? கைதேர்ந்த தொழிலாளி முதல் சாமானைத் தன் கையாலே கடைவார். அவர் கை அசைவுகள் காந்த நாடாவிலே பதிவாகும். பிறகு நாடாவை ஓட்டினால் யந்திரம் அதே அசைவுகளைத் தானே செய்யும். அதாவது, புரோகிராம் எழுதுகிறவர் தொழிலாளியே! நாடா அவர் கையிலிருந்து பிறக்கிறது.

இந்த முறையைக் கம்பெனி வளர்க்கவில்லை. கிடப்பிலே போட்டது. வேறொரு முறை வளர்ந்தது. ஹெலிகாப்டர் இறக்கை செய்த ஜான் பார்சன்ஸ் என்பவரின் யோசனையிலே ஆரம்பித்து, 1949 முதல் அமெரிக்க விமானப்படையின் பணத்திலே, எம்.ஐ.டி. என்னும் தொழில்நுட்பக் கழகத்தின் கூடத்திலே உருவாகி, 1952-ல் உலகுக்குக் காட்டப்பட்ட எண்வழிக் கட்டுப்பாட்டு முறை அது. சாமானின் வடிவத்தை ஆபீசிலே கணக்காக்கி, எண்ணாக்கி, நாடாவிலே துளையிட்டு, பட்டறைக்கு அனுப்புவது. இன்றைய சி.என்.சி. அதன் பேரப்பிள்ளை.

விமானப் பாகங்களின் சிக்கலான வளைவுகளைக் கையாலே கடைந்து காட்ட முடியாது, கணக்குத்தான் வேண்டும் என்று சொல்வார்கள். உண்மை, அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒரு ஷாப்டுக்கு? நேர்க்கோடு, படி, உள்வளைவு, மறுபடி நேர்க்கோடு. இதைக் கடைந்து காட்ட டர்னருக்கு முடியாதா? அமெரிக்கச் சரித்திர ஆசிரியர் டேவிட் நோபிள் 1984-ல் வெளியிட்ட நூலிலே இந்த இரண்டு முறைகளின் கதையையும் ஆராய்ந்திருக்கிறார். திறமை மட்டும் பார்த்து ஒன்றை எடுத்து ஒன்றைத் தள்ளவில்லை. பட்டறையின் மேல் அதிகாரம் யார் கையிலே இருக்கவேண்டும் என்ற கணக்கும் அதிலே இருந்தது என்பது அவர் முடிவு. அவர் சொல்லும் இன்னொரு சம்பவமும் நமக்கு உபயோகப்படும். மாசசூசெட்ஸ் மாநிலத்து லின் நகரிலே, அதே கம்பெனியின் விமான எஞ்சின் தொழிற்சாலையிலே, எண்வழிக் கட்டுப்பாட்டு லேத்துகள் வந்தபோது எழுந்த தகராறு என்ன தெரியுமா? இந்த லேத்திலே நிற்பவனுக்கு எந்தத் தரத்துச் சம்பளம் என்பதுதான்! கோவை மேஜையிலே இன்று நடக்கும் அதே வழக்கு. உற்பத்தி படுத்துக்கொண்டது. 1968-ல் நிர்வாகம் வேறு வழியில்லாமல் ஒரு சோதனைக்கு இறங்கியது: மேஸ்திரி அதிகாரத்தை விலக்கி, அந்த லேத்துகளின் வேலையைத் தொழிலாளர்களே திட்டமிட்டு நடத்தலாம் என்று விட்டது. எழுபதுகளிலே அந்தச் சோதனையை நிர்வாகமே மூடியது. யந்திரம் கெட்டுப்போனதற்காக மூடவில்லை. அதிகாரம் கைமாறிவிடும் என்ற பயத்திலே மூடியது என்று நோபிள் எழுதுகிறார்.

இன்றைக்கு வருகிற சி.என்.சி. லேத்துகளிலே யந்திரத்தின் முன்னாலேயே நின்று, திரையிலே அளவுகளைக் கொடுத்து டர்னரே புரோகிராம் போட வசதி இருக்கிறது. அந்த வசதிக்கும் சேர்த்துத்தான் முதலாளி விலை கொடுத்திருக்கிறார். விலை கொடுத்து வாங்கிய வசதியைப் பூட்டி வைப்பது எந்தச் சிக்கனத்திலே சேர்ந்தது?

உடைப்பதா, உரிமை கேட்பதா?

நம்மவர்களிலும் சிலர் இருக்கிறார்கள். “இந்த யந்திரமே வேண்டாம், பழைய லேத்தே போதும்” என்று பேசுகிறார்கள். தவறு. பழைய லேத்திலே இந்த ஷாப்டைக் கடைந்த காலத்திலே சுடுசுருள் நேரே முகத்துக்கு வரும். கதவு கிடையாது, கண்ணாடி கிடையாது. கையாலே சக்கரம் சுற்றித் தோள் இறங்கிப்போன டர்னர்களைக் கோவையிலே இன்றைக்கும் பார்க்கலாம். யந்திரம் பாரத்தைக் குறைக்கிறது என்றால் வரட்டும், கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொள்வோம். தஞ்சை வயலிலே அறுவடை யந்திரம் வந்தபோதும் இடுப்பு ஒடிய அறுத்த பெண்களின் பாரம் குறைந்தது மெய். ஆனால் பாரத்தோடு கூலியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனது யார்? யந்திரத்துக்கு மணிக் கணக்கிலே வாடகை கொடுக்கிற மிராசு, வேலை இழந்த பெண்ணுக்கு மாற்று வேலை பற்றிப் பேசினாரா? யந்திரம் வேறு, யந்திரத்தை முதலாளி உபயோகிக்கிற விதம் வேறு என்று பிரித்தறியத் தொழிலாளி வர்க்கத்துக்குக் காலமும் அனுபவமும் தேவைப்பட்டதை மார்க்ஸ் மூலதனத்திலே காட்டியிருக்கிறார். கோவைக்கு இன்னும் அந்தக் காலம் வரவில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

இனி அந்த அப்ரண்டிஸ் பையன்களைப் பற்றி. அவர்கள் நமக்கு எதிரிகள் அல்ல, நம் பிள்ளைகள். ஐ.டி.ஐ. முடித்து, அப்பன் வயலிலோ மில்லிலோ உழைத்த காசிலே பஸ் ஏறி வந்தவர்கள். 1961-ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டத்தின் 18-ஆவது பிரிவு என்ன சொல்கிறது? அப்ரண்டிஸ் பயிற்சி பெறுகிறவன், தொழிலாளி அல்ல. தொழிலாளர் சட்டங்கள் அவனுக்குப் பொருந்தா என்கிறது. பயிற்சி மெய்யாகவே பயிற்சியாக இருந்தால் சரி. ஆறு டன் ஷாப்டோடு ராத்திரி ஷிப்டிலே தனியாக நிற்கிறவனுக்குப் பெயர் பயிற்சியாளனா? இந்த “பயிற்சி” என்ற சொல் பஞ்சாலைத் தோழர்களுக்குப் புதிதல்ல. சுமங்கலித் திட்டம் என்றும் கேம்ப் கூலி என்றும் பெயர் வைத்து, மூன்று வருஷம் ஸ்பின்னிங் பிரேமுக்கு நடுவே ஓடவிட்டு, இளம் பெண்களை வெறுங்கையோடு அனுப்பிய மில்கள் மேற்கு மாவட்டங்களிலே எத்தனை! அதே தந்திரம் இப்போது லேத் பட்டறைக்குள் நுழைகிறது. 2025 நவம்பர் 21 முதல் ஒன்றிய சர்க்கார் அமலுக்குக் கொண்டுவந்திருக்கும் தொகுப்புச் சட்டங்கள் இதற்கு ராஜபாட்டை போட்டுக் கொடுக்கின்றன. குறித்த காலத்துக்கு மட்டும் ஆள் எடுக்கலாம். 300 பேருக்குக் குறைவான ஆலையானால் ஆட்குறைப்புக்கும் மூடுவதற்கும் சர்க்காரிடம் அனுமதி கேட்க வேண்டாம். கோவைப் பட்டறைகளிலே 300 பேர் உள்ளவை எத்தனை? விரல் விட்டு எண்ணிக்கொள்ளுங்கள்.

நேரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். 1923-ல் சென்னைக் கடற்கரையிலே சிங்காரவேலர் மே தினக் கொடி ஏற்றினார். சரியாக 100 வருஷம் கழித்து, 2023 ஏப்ரல் 21-ல், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழ்நாட்டுச் சட்டசபையிலே நிறைவேறியது! தொழிற்சங்கங்களும் இடதுசாரிக் கட்சிகளும் எதிர்த்து நின்றபின் அந்த மே தினத்தன்றே வாபஸ் அறிவிப்பு வந்தது. சட்டம் வாபஸ் ஆனது. 12 மணி நேர ஷிப்ட் பட்டறைகளிலிருந்து வாபஸ் ஆகவில்லை. பதினோராவது மணி நேரத்திலே, விடியற்காலை நாலு மணிக்கு, டூல் அந்த மூலையை நெருங்கும்போது, எந்த மனிதனின் காதுதான் சத்தம் மாறுவதைக் கேட்கும்?

ஆகவே சங்கம் கேட்பது இதுதான். பெரிய சி.என்.சி. லேத்திலே நிற்பவர் டர்னர் தரத்துச் சம்பளமே வாங்கவேண்டும். “ஆபரேட்டர்” என்று பெயர் மாற்றிக் கூலியை இறக்குவது செல்லாது. அப்ரண்டிஸ் பையன்கள் வரட்டும், டர்னரின் பக்கத்திலே நின்று கற்கட்டும். ராத்திரி ஷிப்டிலே அவர்களைத் தனியே விடக்கூடாது, கற்று முடித்தவர்களை நிரந்தரமாக்க வேண்டும். ஷாப்ட் ஏற்றும்போதும் இறக்கும்போதும் கிரேன் ஆளைத் தவிர இரண்டு பேர் இருக்கவேண்டும். ஷிப்ட் 8 மணி நேரம். நோட்டுப் புத்தகத்திலுள்ளதை டர்னர் சொல்லிக்கொடுக்கத் தயார். அதை வைத்து எழுதுகிற புரோகிராமுக்குத் தனி அலவன்ஸ் உண்டா, அவரைக் கேட்காமல் அதை மாற்றமாட்டோம் என்று எழுதித் தருவார்களா? திருத்தச் சாவி ஒவ்வொரு ஷிப்டிலும் யந்திரத்தின் முன்னால் நிற்பவரிடம் இருக்கவேண்டும்.

“ராஜ்கோட்டிலே இதைவிடக் குறைந்த செலவிலே முடித்துத் தருகிறார்கள், இந்தக் கோரிக்கைகளை ஏற்றால் ஆர்டர் போய்விடும்” என்று நிர்வாகம் கண்ணீர் வடிக்கிறது. ராஜ்கோட் முதலாளி தன் தொழிலாளியிடம் கோயம்புத்தூரைக் காட்டுகிறார் என்பதில் நமக்குச் சந்தேகமே கிடையாது. அங்கேயுள்ள லேத் தொழிலாளர்களுக்கும் நாம் எழுதவேண்டிய காலம் வந்துவிட்டது. ஆர்டர் கொடுக்கிற சர்க்கரை ஆலைக்காரருக்கும் ஒரு வார்த்தை: கடைகூலியிலே மிச்சம் பிடிக்கிற சில ஆயிரம் ரூபாய்க்கு, அரவை நடுவிலே ஷாப்ட் முறிந்தால் ஒரு நாள் நஷ்டம் எவ்வளவு என்று தன் கணக்குப்பிள்ளையைக் கேட்டுப் பார்க்கட்டும். அந்த நஷ்டத்தையும் கரும்பு விவசாயியின் பாக்கியிலும் வெட்டாளின் கூலியிலும்தான் கழிப்பார் என்பதால், கரும்பு வெட்டும் தோழர்களுக்கும் இந்தப் பேச்சுவார்த்தையிலே பங்கு உண்டு.

அடுத்த சுற்றுப் பேச்சுவார்த்தைக்கு டர்னர் தம் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவர வேண்டும் என்று நிர்வாகம் கடிதம் கொடுத்திருக்கிறது. மேஸ்திரி சாவியைக் கொண்டுவர வேண்டும் என்று சங்கம் பதில் கடிதம் கொடுத்திருக்கிறது.